செயின்ட் ஜார்ஜ் சபையை விட்டு வெளியேறியது எந்த வருஷம்?

கீழவீதி:
நேற்று ஒருவர் இங்கே எழுதியதைப் படித்து இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. "அமெரிக்காவில் மெத்தடிஸ்டு என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த கறுப்பினத்தார் தனிச் சபை வைத்துக்கொண்டது ஆராதனை முறை ஒத்துவராததால்தான், சண்டை எதுவும் இல்லை" என்கிறார். பிலடெல்பியாவில் நடந்தது என்ன? செயின்ட் ஜார்ஜ் மெத்தடிஸ்ட் சபையில் கறுப்பர்களை மாடிக்குப் போகச் சொன்னார்கள். போனார்கள். அங்கேயும் விடவில்லை. ஜெப நேரம், கறுப்பர்களில் ஒரு தலைவரான அப்சலோம் ஜோன்ஸ் முழங்காலில் நிற்கிறார். வெள்ளைக்கார டிரஸ்டி ஒருவர் வந்து "இங்கே முழங்கால் போடக் கூடாது" என்று பிடித்துத் தூக்குகிறார். ஜெபம் முடியட்டும் என்று ஜோன்ஸ் சொல்லியும் கேட்கவில்லை. ஜெபம் முடிந்தது, கறுப்பினப் பிரசங்கியார் ரிச்சர்ட் ஆலனோடு அத்தனை பேரும் வெளியே போய்விட்டார்கள். 1787-இல் நடந்தது இது. ஆராதனை முறையாம்!

பழைய பைண்டிங்:
1787 இல்லை, 1792. அந்த மாடியைக் கட்டி முடித்ததே 1792-இல்தான் என்று பழைய ஆவணங்களைப் பார்த்த ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். கட்டாத மாடிக்கு எந்தப் படி வழியாக ஏறினார்கள்?

கீழவீதி:
நான் பேசுவது ஜெபத்தில் இருந்தவரைப் பிடித்துத் தூக்கியதைப் பற்றி. நீங்கள் காலண்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். ஆலன் தொடங்கிய ஏ.எம்.ஈ. (ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் எபிஸ்கோபல்) சபையின் மரபே 1787 என்றுதான் சொல்கிறது.

பழைய பைண்டிங்:
மரபு சொன்னால் மாடி முளைத்துவிடுமா? ஆலனே தன் சரிதையில், மாடி கட்டவும் தரை போடவும் நாங்களும் பணம் கொடுத்தோம் என்கிறார். காசு கொடுத்த பிறகுதான் கட்டுவார்கள், கட்டிய பிறகுதான் ஏறுவார்கள். 1792.

தோத்திரப் பாடகன்:
என்னைத்தானே சொல்கிறீர்கள், பெயர் போட்டே எழுதலாமே. 1794-இல் ஆலனின் பெத்தேல் சபையைப் பிரதிஷ்டை செய்தது யார்? வெள்ளைக்கார பிஷப் பிரான்சிஸ் ஆஸ்பரி. 1799-இல் ஆலனை டீக்கனாக அபிஷேகம் செய்ததும் அவரே. பகை இருந்தால் இதெல்லாம் நடக்குமா?

கீழவீதி:
ஆஸ்பரி வந்தார், சரி. அப்புறம்? பெத்தேல் கட்டடம் எங்கள் அதிகாரத்தில் இருக்கிறது என்று வெள்ளைக்கார மூப்பர்கள் வந்து நின்றார்கள். கட்டடம் ஏலத்துக்கு வந்து, ஆலன் தன் சபையைத் தானே 10,000 டாலருக்கு மேல் கொடுத்து மீட்டார். வழக்கு பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் வரை போய், 1816-இல்தான் விடுதலை. அந்த வருஷமே ஏ.எம்.ஈ. தனிச் சபையானது, ஆலன் முதல் பிஷப். இது பகை இல்லையென்றால் வேறு எது பகை?

கடலோரம்:
பிலடெல்பியாவை மட்டும் வைத்து மொத்த மெத்தடிஸ்டுகளையும் திட்டாதீர்கள். நியூயார்க் ஜான் தெரு சபை 1768-இலேயே எழும்பியது. அமெரிக்காவில் மெத்தடிஸ்டுகளுக்கு அதுதான் தாய்ச்சபை.

பழைய பைண்டிங்:
தாய்ச்சபையா? மேரிலாண்டில் ராபர்ட் ஸ்ட்ராபிரிட்ஜ் அதற்கு முன்பே பிரசங்கம் செய்து ஆள் சேர்த்துவிட்டார். ஜான் தெருவின் யோக்கியதையும் தெரியும். தங்கள் கோயில்குட்டியாக (கோயில் பணியாளாக) இருந்த கறுப்பின அடிமை பீட்டர் வில்லியம்ஸையே 1783-இல் 40 பவுண்டு கொடுத்து வாங்கிய சபை அது.

கடலோரம்:
விடுவிக்கத்தான் வாங்கினார்கள். அதையும் சொல்லுங்கள்.

பழைய பைண்டிங்:
அந்தப் பணத்தை அவர் திருப்பிக் கட்டினார். அதையும் நீங்கள் சொல்லுங்கள். போன மாதம் ஞானஸ்நான விவாதத்திலும் இப்படித்தான் பாதியை விழுங்கினீர்கள்.

கடலோரம்:
அதை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? அன்று பதில் சொல்லாமல் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

கீழவீதி:
இரண்டு பேரும் வேறு இடத்தில் சண்டை போடுங்கள். செயின்ட் ஜார்ஜை விட்டு வெளியே வந்ததால்தான் ஆலனும் ஜோன்ஸும் தொடங்கிய கறுப்பர்களின் உதவிச் சங்கமான சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கமே பிறந்தது. சங்கம் 1787 என்றால் வெளியேறியதும் 1787தான்.

பழைய பைண்டிங்:
சங்கம் ஆரம்பித்தது 1787 ஏப்ரல். உங்கள் மரபு சொல்வது நவம்பர். நவம்பரில் வெளியேறி ஏப்ரலில் எப்படிச் சங்கம் வைத்தார்கள்? சங்கம் முதலில், வெளியேற்றம் பின்னால். 1792.

தோத்திரப் பாடகன்:
ஆஸ்பரி ஏன் வந்தார் என்ற என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கீழவீதி:
சொல்கிறேன். 1784 பால்டிமோர் கிறிஸ்துமஸ் மாநாட்டில் அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்று விதி போட்டவர்கள், ஆறே மாதத்தில் அதை நிறுத்திவைத்தார்கள். அங்கேயும் ஆஸ்பரி இருந்தார். 1939-இல் வெள்ளைக்கார மெத்தடிஸ்டுகள் ஒன்றுசேர்ந்தபோதும் தங்களிடம் மிச்சமிருந்த கறுப்பினச் சபைகளை மத்திய அதிகார எல்லை என்று தனியே ஒதுக்கினார்கள். 1968 வரை அப்படித்தான். பாட்டு ராகமா காரணம்?

பழைய பைண்டிங்:
1939 சரி, 1968 சரி. 1787 மட்டும் தப்பு. அதைத் திருத்திவிட்டு மேலே பேசுங்கள்.

கீழவீதி:
திருத்த மாட்டேன்.