டாட்டருக்குப் 'பற்கல்' வேண்டாம், 'பற்காரை' இருக்கட்டும்

வணக்கம்.

பல்லில் இறுகிப் படியும் டாட்டருக்குப் 'பற்கல்' என்று முன்மொழிந்த நண்பரின் காரணம் விளங்குகிறது. சிறுநீரகக் கல், பித்தப்பைக் கல் என்று ஏற்கெனவே சொல்கிறோம். வைத்தியர்கள் சொல்லும் கல்குலஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கும் சிறு கல் என்றுதான் பொருள்.

எல்லாம் சரி. ஆனால் உருபு சேர்த்து ஒருமுறை எழுதிப் பாருங்கள்: 'பற்கலை அகற்ற வேண்டும்'. கொழும்பில் ஒரு கிளினிக்கில், தமிழ் ஓரளவே பேசும் தாதி ஒருவர் இதை வாய்விட்டுச் சொன்னால், 'பற்களை அகற்ற வேண்டும்' என்றுதான் காதில் விழும். நம்மவர் பலருக்கே பேச்சில் லகர ளகரம் நழுவுகிறது. துண்டுப்பிரசுரத்தில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் இதே கதிதான். ஸ்கேலிங் (பல்லில் இறுகியதைச் சுரண்டி எடுப்பது) செய்தால் பல் ஆடிவிடும் என்று பயந்து வருகிறவரிடம் இந்தச் சொல்லைக் கொடுக்கவே கூடாது.

'பற்காரை' ஏற்கெனவே வழக்கில் உள்ள சொல். பொருளும் பொருந்துகிறது. உமிழ்நீரில் உள்ள கல்சியம், பொஸ்பேற்று உப்புகள் படிந்துதான் அது இறுகுகிறது. அதனால்தான் உமிழ்நீர் வந்து விழும் இடங்களில், கீழ் முன்பற்களின் உட்புறத்திலும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும், கூடுதலாகப் பிடிக்கிறது. நாக்கு நுனியால் தடவினால் சொரசொரவென்று தட்டுப்படும். சுவரில் காரை பெயர்ந்தால் கல்லிடுக்கு தெரிவதுபோல, ஸ்கேலிங்குக்குப் பிறகு பல்லிடுக்கு தெரிகிறது. முரசு (ஈறு) இறங்கியதால் முன்பே இருந்த இடைவெளி அது; காரை மூடியிருந்தது, அவ்வளவுதான். நோயாளிக்கு விளக்க இதைவிட வசதியான சொல் எனக்குத் தெரியவில்லை.

'கறை'யோடு குழம்பும் என்ற மறுப்பு பெரிதில்லை. தேநீர், வெற்றிலை விடுவது கறை. இது தடிப்பாக இருப்பது. குறிலும் நெடிலும் காதுக்கும் தெளிவாக வேறுபடும்.

பிளாக்கை மட்டும் தயவுசெய்து தனியாக வையுங்கள். அது பக்டீரியா சேர்ந்த மெல்லிய, ஒட்டும் படை, 'பற்படலம்' போதும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், இறுகிப்போனதையும் வீட்டிலேயே தேய்த்து எடுக்கலாம் என்று நினைத்து முரசைப் புண்ணாக்கிக்கொள்வார்கள். பிரசுரத்துக்கு நான் எழுதும் வரி இது:

'பற்படலத்தைத் தினமும் பல் துலக்கி நீக்கலாம். அது இறுகிப் பற்காரையானால் பல் வைத்தியரிடம்தான் எடுக்க வேண்டும்.'

அப்படியானால் ஸ்கேலிங் 'காரை நீக்கம்' ஆகும். முரசுக்குக் கீழே மறைந்து படிவதை 'முரசடிக் காரை' எனலாமா? பல் வைத்தியத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.