ராதாபுரம் குடும்பக் குழு: உலையிலிருந்து எடுத்த எரிபொருள்

மலர்விழி, காலை 7:12
பெரியப்பா, கூடங்குளத்தில் பயன்படுத்தி முடித்த எரிபொருளை வளாகத்திற்குள்ளேயே வைத்திருக்கிறார்களே, அதை யாராவது திருடிச் செல்ல முடியுமா?

பெரியப்பா, காலை 7:40
இப்போதைக்கு அது மிகவும் கடினம், மலர். ஒவ்வொரு எரிபொருள் கற்றையும் ஏறத்தாழ நாலரை மீட்டர் நீளமும் அறுநூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையும் கொண்டது. தடுப்பில்லாமல் அருகில் செல்பவரை அதன் கதிர்வீச்சே கொன்றுவிடும். எனக்குக் கவலை தருவது வேறு. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தக் கதிர்வீச்சு தணிந்துகொண்டே வரும், ஆனால் உள்ளே உருவான புளுட்டோனியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் ஆகும். ஆகவே எரிபொருள் பழையதாக ஆக, மனிதர்களின் காவல் கூட வேண்டுமே தவிர குறையக் கூடாது.

முத்து, காலை 7:52
ஒரு கற்றை காணாமல் போனால் வெளியே எப்படித் தெரியும்?

பெரியப்பா, காலை 8:05
கூடங்குளம் உலைகள் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் உள்ளவை. அவ்வகை இடங்களில் கேமராக்களையும் முத்திரைகளையும் பொருத்தி, கற்றைகளைக் கணக்குடன் ஒப்பிட்டு எண்ணுவார்கள். நீருக்குள் கதிரியக்கக் கற்றையைச் சுற்றி நீல ஒளி தோன்றும். தனிக் கருவியால் அதைப் பார்த்து, உள்ளே இருப்பது போலியல்ல என்று உறுதி செய்வார்கள்.

ஜெயா அத்தை, காலை 8:21
அண்ணா, 2004 சுனாமியை நேரில் பார்த்தவள் நான். கடலே உள்ளே வந்தால்?

பெரியப்பா, காலை 8:50
ஜெயா, 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் சுனாமி வந்து மின்சாரம் போனதும், எரிபொருளை நீரில் மூழ்கவைத்து ஆறவிடும் குளங்களில் ஒன்றான, 1,535 கற்றைகள் கிடந்த நான்காம் உலையின் குளத்தில் நீர் வற்றிவிடுமோ என்று உலகமே அஞ்சியது. கான்கிரீட் இறைக்கும் வண்டிகளைக் கொண்டு வந்து நீர் பாய்ச்சினார்கள். அதே வளாகத்தில், ஆறிய எரிபொருளை நீரின்றி மூடி வைக்கும் ஒன்பது உலர் கலன்கள் இருந்த கட்டடத்திலும் கடல்நீர் புகுந்தது. காற்றினாலேயே குளிர்பவை என்பதால் அவற்றிலிருந்த எரிபொருளுக்குக் கேடு நேரவில்லை. உலையிலிருந்து எடுத்த சூட்டோடு கலனில் வைக்க இயலாது, சில ஆண்டுகள் குளம் வேண்டும். ஆறிய பிறகும் குளத்திலேயே நெருக்கி அடுக்கி வைப்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

மலர்விழி, காலை 9:03
2019 ஜூலை 10 அன்று நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டதே, இதைப் பற்றியதுதானா?

பெரியப்பா, காலை 9:10
ஆம், உலைக்கு வெளியே அமையவிருந்த சேமிப்பகத்திற்கான கூட்டம் அது. ஆறிய எரிபொருள் உலர் கலனுக்கு எந்த ஆண்டு மாறும், மின்சாரம் நின்றால் குளத்து நீர் எத்தனை நாள் தாங்கும், ஐம்பது ஆண்டுகள் கழித்து அதைக் காப்பவர் யார் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

ஜெயா அத்தை, காலை 9:14
எழுதி அனுப்புங்கள், அண்ணா. தெருவில் எல்லோரிடமும் நானே கையெழுத்து வாங்குகிறேன்.