மறு: பழைய படத்தை வீட்டில் சும்மா ஓடவிடுவதற்கு ஒரு சொல்

அன்பின் சொல்லாக்கக் குழு நண்பர்களுக்கு,

> ‘மீள்பார்வை’ என்றே வைத்துவிடலாம். ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல்.

புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கல். கணக்கறிக்கைக்கும் சட்டத்துக்கும் கொள்கைக்கும் மீள்பார்வை செய்கிறார்கள். பரீட்சைக்கு முன் இங்கே பிள்ளைகள் செய்வது மீட்டல். இதற்கு மேல், இடம்பெயர்ந்து, திருகோணமலைக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) ‘மீள்குடியேற்றம்’ என்று தலைப்பிட்ட படிவத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு ‘மீள்’ இலேசான முன்னொட்டு அல்ல. சாய்மனைக் கதிரையில் கால் நீட்டிக்கொண்டு பழைய படம் பார்ப்பதற்கு அதைக் கொண்டுவந்து ஒட்ட எனக்கு மனமில்லை.

சொல்லுக்கு முன் பொருளைப் பார்ப்போம். எங்கள் வீட்டில் ஞாயிறு பிற்பகல் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஓடும். அம்மா அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருப்பார். நாகேஷ் வரும் இடம் நெருங்கினால் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்; சிரித்துவிட்டுத் திரும்பிப் போவார். படம் முடிந்ததா, பாதியில் நின்றதா என்று எவரும் கேட்பதில்லை. இதற்குப் ‘பார்த்தல்’ என்ற வினையே சற்று அதிகம். ‘படம் ஓடுகிறது’ என்றுதான் வீட்டில் சொல்கிறோம். அந்தச் சோம்பல் சொல்லிலும் இருக்க வேண்டும்.

இந்தப் பழக்கம் புதியது என்பதையும் கவனிக்க வேண்டும். இலங்கையின் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தொடங்கியது. அதற்குப் பின் வந்த வருடங்களில் திருகோணமலை உப்புவெளியில் எங்கள் ஒழுங்கைக்கு ‘டெக்’ வாடகைக்கு வந்தால் அது ஒரு திருவிழா. (வீடியோ கசெட் இயக்கும் பெட்டியைத்தான் டெக் என்போம், தமிழகத்து நண்பர்களுக்காகச் சொல்கிறேன்.) வாடகை ஓர் இரவுக்கு. ஆகவே மூன்று படங்களை விடியும்வரை, கண் எரிய எரிய, ஒரு காட்சியும் தவறவிடாமல் பார்ப்போம். கசெட்டும் கொப்பியின் கொப்பி. ஒவ்வொரு முறை பிரதி எடுக்கும்போதும் உருவம் கொஞ்சம் கரையும், நிறம் வழியும். மூன்றாம் நான்காம் பிரதியில் கதாநாயகியை நடையை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். அப்படிக் காசு கொடுத்துப் பார்த்ததைச் சும்மா ஓடவிட யாருக்கு மனம் வரும்?

பிறகு வீசீடீ என்ற படத்தட்டு வந்தது. ஒரு தட்டில் ஏறக்குறைய 74 நிமிடங்கள்தான் கொள்ளும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு அல்லது மூன்று தட்டு. எழுந்துபோய்த் தட்டு மாற்ற ஓர் ஆள் வேண்டும். வீட்டில் கடைசிப் பிள்ளையாக நான் அந்தப் பதவியில் பல வருடம் இருந்தேன். படத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தேநீர் போடப் போகும் வழக்கம் அந்தத் தட்டு மாற்றத்தில்தான் எங்களுக்கு வந்தது என்று நினைக்கிறேன். இப்போது இணையத்தில் எல்லாம் கிடக்கிறது, எழும்பக்கூடத் தேவையில்லை.

ஒரு தொடரின் அடுத்தடுத்த பகுதிகளை ஒரே மூச்சில் பார்த்துத் தள்ளுவதற்கான ‘பிஞ்ச்-வாட்ச்’ என்ற ஆங்கிலச் சொல்லை கொலின்ஸ் அகராதி 2015இல் ஆண்டின் சொல்லாக அறிவித்தது. நம் குழுவில் அதற்குத் ‘தொடர்பார்வை’ வந்துவிட்டது, நல்லது. நாம் தேடுவது அதற்கு நேர் எதிர். ‘மறுஒளிபரப்பு’ நிலையத்தின் செயல், பார்ப்பவருடையது அல்ல. ‘ஏக்கக்காட்சி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். என் மகள் தான் பிறப்பதற்கு நாற்பது வருடம் முன்பு வந்த படத்தைப் போட்டுவிட்டு வீட்டுப்பாடம் செய்கிறாள். அவளுக்கு எதை நினைத்து ஏக்கம்?

‘சும்மாக்காட்சி’ கேலிக்குச் சொன்னதாயினும் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கோணேசர் கோயில் ஊரில் இருந்துகொண்டு ‘சும்மா’வைச் சும்மா தொட முடியாது. இவ்வூருக்கும் திருப்புகழ் பாடிய அருணகிரிநாதர் ‘சும்மா இரு’ என்பதை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டார்.

என் பரிந்துரை: பழகுபடம். தொடருக்குப் பழகுதொடர். இரண்டுக்கும் பொதுவாகப் பழகுகாட்சி.

இது வினைத்தொகை. ‘காலம் கரந்த பெயரெச்சம்’ என்கிறதே நன்னூல், அந்தக் கரந்த காலம்தான் இங்கே வேலை செய்கிறது. பழகிய படம், பழகுகிற படம், பழகும் படம் மூன்றும் ஒன்றுக்குள் இருக்கின்றன. பத்து முறை பார்த்ததும் அதுதான், இப்போது ஓடுவதும் அதுதான், வரும் ஞாயிறு ஓடப்போவதும் அதுதான். ‘மறு’வோ ‘மீள்’ஓ எண்ணிக்கையைச் சொல்லும், உறவைச் சொல்லாது. எழுதும்போது ஒற்று மிகாது, சுடுசோறு, ஊறுகாய் போல. ‘பழகுப்படம்’ என்று எழுதினால் சந்திப்பிழை.

உப்புவெளியிலிருந்து

---

> வினைத்தொகை அழகுதான், ஐயா. ஆனால் இங்கே சென்னையில் வாகனம் ஓட்டக் கற்பவருக்குத் தருவது ‘பழகுநர் உரிமம்’. பழகுபடம் என்றால் பயிற்சிக்காகப் போட்டுக்காட்டும் படம் என்றுதானே முதலில் தோன்றும்? ‘பழம்பட ஓட்டம்’ போதாதா?

ஐயா, வணக்கம். சரியான இடத்தில் பிடித்தீர்கள். உங்களைவிட எங்களுக்கு இது பெரிய தொல்லை. நாங்கள் சைக்கிள் பழகுவோம், நீச்சல் பழகுவோம், கார் பழகுவோம். கற்றல் முழுவதும் எங்களுக்குப் பழக்கம்தான். இரவு முழுவதும் யோசித்தேன். திறமையைப் பழகுகிறோம், ஆளோடு பழகுகிறோம். ‘படம் பழகினேன்’ என்று எவரும் சொல்வதில்லை. அந்த இடம் காலியாக இருப்பதால் மோதல் குறைவு என்று கருதுகிறேன்; அறவே இல்லை என்று சாதிக்க மாட்டேன்.

‘பழம்பட ஓட்டம்’ வேண்டாம். படத்தின் வயதல்ல இங்கே பொருள். போன வருடத்துப் படமும் ஒரு வீட்டில் பழகுபடம் ஆகலாம். அதோடு, ‘ஓட்டம்’ என்றால் திரையரங்கில் நூறு நாள் ஓடிய கணக்கு நினைவுக்கு வருகிறது.

சென்னையில் 1936இல் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்தர், எங்கள் ஊர் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர். அவர்கள் அறிவியல் பாடங்களுக்குச் சொல் தேடினார்கள். சாய்மனைக் கதிரைக்கு எதிரில் இருக்கும் பெட்டியைக் கவனிப்பாரில்லாமல் போனதால்தான் எங்களுக்கு ‘டெக்’ வாய்த்தது என்பது என் தனிப்பட்ட முறைப்பாடு. ஆகவே பட்டியலில் ‘பழகுபடம்’ முதலிலும், உங்கள் ஐயம் அதன் கீழே குறிப்பாகவும் ஏறட்டும்.

இன்னொன்று. நடிகர் வாய் திறக்குமுன் வசனத்தை உரக்கச் சொல்லிவிடும் ஒருவர் வீட்டுக்கு வீடு இருக்கிறார். எங்கள் வீட்டில் மாமா. அவருக்கு ‘முன்சொல்லி’ என்று வைக்கலாமா? தடை இருந்தால் எழுதுங்கள். அவர் வெள்ளிக்கிழமை வருகிறார்.