உருளை வடிவ மேக் ப்ரோவை வாங்குவதா, வேண்டாமா என்று யோசித்த நாட்கள்

2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வடபழனியில் நானும் என் கூட்டாளியும் நடத்திவந்த சிறிய எடிட்டிங் அறைக்குப் புதிய கணினி தேவைப்பட்டது. எங்களிடம் இருந்தது ஆப்பிள் நிறுவனத்தின் மேக் ப்ரோ கணினி, 2010ஆம் ஆண்டின் அலுமினியப் பெட்டி வடிவம். விளம்பரப் படங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் அது நன்றாகவே உழைத்தது. ஆனால் 4கே எனப்படும் மிகத் துல்லியமான காட்சிகள் வரத் தொடங்கிய பிறகு அதன் வேகம் போதவில்லை. 2013 டிசம்பர் 19 அன்று ஆப்பிள் விற்பனைக்குக் கொண்டுவந்த கறுப்பு உருளை வடிவ மேக் ப்ரோவை வாங்கிவிடலாம் என்று கூட்டாளி முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கு மனம் முழுதாக ஒப்பவில்லை.

அமெரிக்காவில் அதன் தொடக்க விலை 2,999 டாலர். ஆறு கோர் ப்ராசஸர் கொண்டது 3,999 டாலர். நாங்கள் கடன் வாங்கித்தான் வாங்கியாக வேண்டும், மாதத் தவணையை வருகிற வேலையிலிருந்துதான் கட்டவேண்டும் என்பதால், பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் முடிவெடுக்க எனக்குத் துணிவில்லை.

சாலிகிராமத்தில் ஒலிக்கலவைக் கூடம் வைத்திருந்த நண்பர் ஒருவர் அதை முன்பே வாங்கியிருந்தார். நான் அப்போது முடித்துக்கொண்டிருந்த நாற்பது நிமிட ஆவணப்படத்தை ஹார்டு டிஸ்கில் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போனேன். மேசைமேல் இருந்த அந்தக் கணினியின் உயரம் 25 சென்டிமீட்டர்தான். தண்ணீர்க் குடத்தைவிடச் சிறியது. நண்பர் அதைப் பிடித்துத் திருப்பியதும் பின்பக்கத்து இணைப்புத் துளைகளைச் சுற்றி மெல்லிய வெள்ளை வெளிச்சம் எரிந்தது. பூட்டை நகர்த்தி மேலுறையைத் தூக்கினார். பளபளக்கும் கறுப்பு உறையில் அவருடைய விரல் ரேகைகள் அப்படியே பதிந்தன. உள்ளே முக்கோணக் குழாய் போன்ற ஒரே உலோக வெப்பக்கடத்தி. அதன் ஒரு முகத்தில் ப்ராசஸர், மற்ற இரண்டு முகங்களில் ஏஎம்டி நிறுவனத்தின் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள். அடியிலிருந்து காற்றை இழுத்து மேலே தள்ளுவதற்கு ஒரே ஒரு விசிறி. ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையில் அந்த விசிறியின் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. மேலே கையை நீட்டியபோது வெதுவெதுப்பான காற்று உள்ளங்கையில் பட்டதை வைத்துத்தான் அது ஓடுகிறது என்று தெரிந்துகொண்டேன். இவ்வளவு கவனமாகச் செய்யப்பட்ட ஒரு கருவியை அதற்கு முன் நான் தொட்டதில்லை என்பதை மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

பிறகு வேலையை ஓட்டிப் பார்த்தோம். அந்தக் கணினியோடு ஒரே நாளில் வெளியான ஃபைனல் கட் ப்ரோ 10.1 என்ற ஆப்பிளின் எடிட்டிங் மென்பொருள், இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளையும் பயன்படுத்துவதற்கென்றே திருத்தப்பட்ட பதிப்பு என்பதால், அதில் என் படம் எங்கும் தடங்கலில்லாமல் ஓடியது. ஆனால் இரவுக் காட்சிகளில் படத்தின் மேல் தெறித்துத் தெரியும் புள்ளிகளை நீக்க நாங்கள் வைத்திருந்த பிளக்-இன் என்ற துணை மென்பொருள், என்விடியா நிறுவனத்தின் கார்டுகளில் மட்டுமே இயங்கும் ‘கூடா’ (CUDA) என்ற தொழில்நுட்பத்தை நம்பியிருந்தது. உருளையில் இருந்தவை ஏஎம்டி கார்டுகள் என்பதால் அந்த ஒரு வேலை மட்டும் ப்ராசஸரின் தலையில் விழ, எங்கள் பழைய பெட்டிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதுவோ எங்கள் நேரத்தில் பாதியைத் தின்கிற வேலை.

வீட்டுக்கு வந்ததும் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். பழைய பெட்டிக்குள் நான்கு ஹார்டு டிஸ்குகள் இருந்தன. கூடுதல் கார்டுகளுக்கான இடங்களில் ஒன்றில் வீடியோ கார்டும் இருந்தது. உருளைக்குள் இவை எதற்கும் இடமில்லை. டிஸ்குகளுக்கு ஒரு வெளிப்பெட்டி, கார்டுக்கு இன்னொரு பெட்டி, இரண்டையும் கணினியோடு இணைக்கத் தண்டர்போல்ட் என்ற அதிவேகக் கேபிள், ஒவ்வொன்றுக்கும் தனி மின்சாரம் என்று கூட்டிப்பார்த்தால், கணினியின் விலையில் ஏறக்குறைய பாதி மேலும் தேவைப்பட்டது. உருளையில் இருந்த தண்டர்போல்ட் 2 இணைப்பின் வேகம் வினாடிக்கு 20 கிகாபிட். எங்கள் பழைய பெட்டியின் கிராபிக்ஸ் கார்டு இடத்துக்கோ ஏறக்குறைய 64 கிகாபிட் கொண்டுபோகும் அகலம் இருந்தது. ஆகவே பின்னாளில் வெளியே ஒரு கார்டை மாட்டிச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பும் நிற்கவில்லை. இன்னொன்று, உருளையின் மின்வழங்கி 450 வாட். பழைய பெட்டியினுடையது 980 வாட். பெரிய கார்டு ஒன்றை இனி இந்த வடிவத்துக்குள் கொண்டுவர முடியாது என்று அந்த எண்களைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது.

கடைசியில் நாங்கள் அதை வாங்கவில்லை. பழைய பெட்டியின் கதவைக் கழற்றி, மேக்கிற்கென்று விற்கப்பட்ட என்விடியா ஜிடிஎக்ஸ் 680 கார்டைப் பொருத்தினோம், 3.46 கிகாஹெர்ட்ஸ் ஆறு கோர் ப்ராசஸரைத் தேடிப்பிடித்து மாற்றினோம், மெமரியையும் கூட்டினோம். புதிய கணினியின் விலையில் கால் பங்குகூடச் செலவாகவில்லை. கூட்டாளிக்குச் சில வாரங்கள் வருத்தம் இருந்தது. வாடிக்கையாளர்கள் அறைக்குள் வந்து பார்க்கும்போது மேசையில் என்ன இருக்கிறது என்பதும் தொழிலில் ஒரு பகுதிதான் என்று அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை.

சாலிகிராமத்து நண்பர் செய்தது தவறு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் ஒலிவாங்கி வைத்த அறையிலேயே கணினியையும் வைக்க வேண்டியவர். அவருக்குச் சத்தமின்மைதான் முதல் தேவை. வெளியூர் ஒலிப்பதிவுகளுக்கு அந்த ஐந்து கிலோ கணினியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு போய்வந்தார். பதினெட்டு கிலோ பெட்டியை நாங்கள் மாடிப்படியில் இருவராகத் தூக்கியதை நினைத்தால், அவருடைய பணம் அவருக்குச் சரியாகவே செலவானது.

2017 ஏப்ரலில் ஆப்பிள் அதிகாரிகளே சில பத்திரிகையாளர்களை அழைத்து, அந்த வடிவமைப்பு தங்களை வெப்பம் சார்ந்த ஒரு மூலைக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டது என்று ஒப்புக்கொண்டார்கள். மூன்று முகங்களும் ஏறக்குறைய ஒரே அளவு சூடாகும் என்ற கணக்கில் கட்டப்பட்ட கருவி அது. தொழில் உலகமோ ஒரே பெரிய, சூடான கார்டின் பக்கம் போய்விட்டது. 2019 டிசம்பரில், கார்டு இடங்களோடு 5,999 டாலரில் தொடங்கிய புதிய பெட்டி வந்த பிறகுதான் உருளையின் விற்பனை நின்றது. ஆறு ஆண்டுகளாக அதன் உள்ளமைப்பு மாறவே இல்லை. ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: இயங்குதளம் எங்கள் பெட்டிக்கு 2018ஆம் ஆண்டின் மொஹாவி பதிப்போடு நின்றுவிட்டது; உருளைக்கு 2021ஆம் ஆண்டின் மான்டரே பதிப்பு வரை கிடைத்தது. அந்த இடைவெளியில் சில மென்பொருள்களின் புதிய பதிப்புகளை நாங்கள் நிறுவ முடியாமல் போனது.

2022இல் ஆப்பிளின் மேக் ஸ்டூடியோ என்ற புதிய கணினி வந்தபோது மீண்டும் அதே கேள்வி எழுந்தது. இதில் வாங்கிய பிறகு மெமரியைக் கூட்டவே முடியாது என்பதால், கடனைச் சற்றுக் கூட்டி 64 ஜிபி உள்ளதையே எடுத்தோம். பணம் கட்டுவதற்கு முன்னால், ஒன்றை முன்பே வாங்கியிருந்த இன்னொரு எடிட்டரின் அறையில், அதே ஆவணப்படத்தின் இரவுக் காட்சிகளை ஒரு பிற்பகல் முழுவதும் ஓட்டிப் பார்த்தோம். இந்த முறை கூட்டாளியும் தன் பங்குக்கு ஒரு ஹார்டு டிஸ்க் கொண்டுவந்திருந்தார்.