மறு: ஃபீட்-ஃபார்வர்டு பைக்குக்கு (தாழ்வாகச் சாய்ந்து உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி ஓட்டும் பைக்) தமிழில் என்ன?

//முன்கால் பைக் என்று வைத்துவிடலாமே, பார்த்தவுடன் புரியும்//

புரியும், ஆனால் மாட்டின் முன்காலும் குதிரையின் முன்காலும்தான் முதலில் நினைவுக்கு வரும். பழைய பைக்கைப் புதுப்பிக்கும் மீட்டமைப்புக் குறிப்பில் 'முன்கால் பிரேக்' என்று ஒரு முறை எழுதிப் பாருங்கள், தெரியும். 'சாய்வு வண்டி'யும் வேண்டாம், வளைவில் எல்லா பைக்கும் சாயத்தான் செய்கிறது.

என் பரிந்துரை 'நீட்டுகால் வண்டி'. ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, நடுவில் க் போட்டுவிடாதீர்கள். வழக்கமான பைக்குக்கு 'மடக்குகால்' என்ற எதிர்ச்சொல்லும் கூடவே கிடைக்கிறது. அது அவசியம் தேவை, ஏனென்றால் இந்தத் துறையில் பாதி வேலை மடக்குகாலை நீட்டுகாலாக மாற்றுவதுதான். கால் போக வேண்டிய இடத்தில் இன்ஜின் உட்கார்ந்திருக்கும், கியர் கம்பியையும் பிரேக் கம்பியையும் நீட்ட வேண்டும், இருக்கையை இறக்கிப் பின்னால் தள்ளினால் இரு சக்கரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் கூட்ட வேண்டிவரலாம். மால்கம் நியூவெல்லும் கென் லீமனும் 1970களில் இங்கிலாந்தில் செய்த குவேசர் இப்படி மாற்றிய வண்டி இல்லை, முதலிலிருந்தே நீட்டுகால்: கூரை, சாய்மானம், ரிலையன்ட் காரின் 848 சிசி இன்ஜின். மொத்தமே இருபத்துச் சொச்சம் வண்டிதான் செய்தார்கள், அதனால் உடைந்த வெளிக்கூட்டுக்கு (பாடி) மாற்று தேடுவதை விட, காரிலிருந்து வந்த இன்ஜினுக்குப் பாகம் தேடுவது எளிது.

இன்னொரு சொல்லும் பாக்கி இருக்கிறது. 1920களின் நெர்-அ-கார் என்ற பைக்கில் முன்சக்கரத்தைத் திருப்பும் அச்சு ஹப்புக்குள்ளேயே இருக்கும் (ஹப்-சென்டர் ஸ்டியரிங்). ஹப், அதாவது ஆரக்கால் செருகும் நடுக்கட்டைக்கு, மாட்டுவண்டி செய்பவர்களிடம் 'குடம்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே 'குடத்திருப்பம்'. 'மையவழித் திசைமாற்றி' என்று யாராவது எழுதுவதற்குள் இதை முடித்துவிடுவோம்.

---

//நீட்டுகால் வண்டி//

சொல் அழகுதான் ஐயா, ஆனால் குரூசர் வகை பைக் ஓட்டுபவரும் காலை நீட்டித்தானே உட்காருகிறார்? அதையும் இதில் சேர்த்துவிடுவார்களே.

---

நல்ல கேள்வி. குரூசரில் ஃபுட்ரெஸ்ட்டை மட்டும்தான் முன்னால் தள்ளியிருக்கிறார்கள். அந்தப் பாகத்துக்கு 'முன்மிதி' போதும் ('கால்மிதி' என்றால் வாசலில் கிடப்பது). நீட்டுகாலில் உட்காரும் முறையே வேறு: இருக்கை தாழ்வு, முதுகுக்குச் சாய்மானம் கட்டாயம். பள்ளம் வந்தால் மடக்குகாலில் எழுந்து நின்று சமாளிப்பது போல இதில் முடியாது, அடி மொத்தமும் இடுப்புக்குத்தான். அதனால் இந்த வண்டியை மீட்பவர்கள் பெயின்ட்டுக்கு முன்னால் பின் சஸ்பென்ஷனைப் பார்க்க வேண்டும். ஆக, முன்மிதி இருப்பதால் மட்டும் ஒரு வண்டி நீட்டுகால் ஆகாது, சாய்மானமும் வேண்டும் என்று விளக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். சரிதானே?