இன்ஃபரன்ஸ் கேள்வியில் 'இருக்கலாம்' என்பது பதிலாகுமா?

மலைக்கோட்டை:
டிசம்பரில் கிளாட் (சட்டப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு) எழுதப் போகிறேன். லாஜிக்கல் ரீசனிங்கில் மற்றதெல்லாம் பரவாயில்லை, பத்தியிலிருந்து என்ன பெறப்படுகிறது என்று கேட்கும் இன்ஃபரன்ஸ் கேள்வியில்தான் மார்க் போகிறது. மாக் டெஸ்டில் தப்பு செய்த மாதிரியிலேயே நானாக ஒன்று எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

"ஒரு மாவட்டத்தில் ஹெல்மெட் சோதனையைக் கடுமையாக்கினார்கள். அடுத்த ஆண்டில், பைக் விபத்தில் தலையில் அடிபட்டு அந்த மாவட்ட மருத்துவமனைகளுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை குறைந்தது. அதே ஆண்டில் பைக் விபத்துகளின் மொத்த எண்ணிக்கை கூடியது."

அ) சோதனையால்தான் தலைக்காயம் குறைந்தது.
ஆ) விபத்தில் தலையில் அடிபட்டவர்கள் குறைந்தார்கள்.
இ) 100 விபத்துக்கு எத்தனை பேர் தலைக்காயத்தோடு அந்த மருத்துவமனைகளுக்கு வந்தார்கள் என்ற விகிதம் குறைந்தது.
ஈ) ஹெல்மெட் போட்டவர்கள் வேகமாக ஓட்டினார்கள்.

நான் 'அ' போட்டேன். தோழி 'இ' என்று அடித்துச் சொல்கிறாள்.

கடைசிபெஞ்ச்:
'அ' தான். சோதனையைப் பற்றி முதல் வரியிலேயே எதற்காகச் சொல்கிறார்கள்? ஹெல்மெட் தலையைக் காப்பாற்றும் என்று தெரியாதவர் யார்? 120 நிமிடத்தில் 120 கேள்வி, பத்தி படிக்கும் நேரமும் அதற்குள்தான். அதில் உட்கார்ந்து விகிதம் போட்டுக்கொண்டிருந்தால் கடைசிப் பகுதியைத் தொடக்கூட முடியாது.

குறுக்குவிசாரணை:
இல்லை. ஹெல்மெட் காப்பாற்றும் என்பது உங்களுக்குத் தெரிந்த விஷயம், பத்தி சொன்ன விஷயம் இல்லை. ஒவ்வொரு ஆப்ஷனையும் ஒரே கேள்வி கேளுங்கள்: பத்தியில் உள்ளது முழுக்க உண்மையாக இருந்து, இது மட்டும் பொய்யாக இருக்க முடியுமா? பக்கத்து மாவட்டத்தில் புதிதாக ஒரு பெரிய மருத்துவமனை திறந்து, அடிபட்டவர்களில் பாதிப்பேரை அங்கே கொண்டுபோயிருந்தால்? 'அ' விழுந்தது, 'ஆ'வும் விழுந்தது. மேலே உள்ள எண் குறைகிறது, கீழே உள்ள எண் கூடுகிறது, அப்புறம் விகிதம் குறையாமல் எங்கே போகும்? 'இ'யைப் பொய்யாக்க வழியே கிடையாது.

கடைசிபெஞ்ச்:
சரி, 'கட்டாயம் உண்மை எது' என்று கேட்டால் நீங்கள் சொல்வது பொருந்தும். அமெரிக்காவில் நடக்கும் சட்ட நுழைவுத் தேர்வான எல்சாட்டில் அப்படியும் கேட்கிறார்கள், 'பத்தி அதிகமாக ஆதரிப்பது எது' என்றும் தனியாகக் கேட்கிறார்கள். இரண்டாவதில் நூறு சதவீத உறுதி தேவையில்லை. வக்கீல் வேலையும் அப்படித்தானே, சிவில் வழக்கில் எந்தப் பக்கம் சாத்தியம் அதிகம் என்று பார்த்துத்தான் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

சட்டம்_இரண்டாம்ஆண்டு:
சிவிலில் சரி. ஆனால் கிரிமினல் பக்கமும் பாருங்கள். 1973ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில், குற்றவாளியாக 'இருக்கலாம்' என்பதற்கும் 'இருந்தே ஆக வேண்டும்' என்பதற்கும் நடுவில் உள்ள தூரம் பெரியது, வெறும் யூகத்தையும் உறுதியான முடிவையும் பிரிப்பதே அதுதான் என்று வருகிறது. முதல் வருடம் வகுப்பில் அதைப் படித்தபோது எனக்கு உடனே இன்ஃபரன்ஸ் கேள்விதான் ஞாபகம் வந்தது.

நீங்கள் சொன்ன இரண்டாவது வகையாகவே கேட்டாலும் இங்கே 'இ' தான் பதில். மற்ற மூன்றுக்கும் பத்தியில் இல்லாத ஏதோ ஒன்றை நாம் சேர்க்க வேண்டியிருக்கிறது, 'இ'க்கு எதுவுமே சேர்க்க வேண்டாம்.

மலைக்கோட்டை:
'அடிபட்டவர்கள்' வேறு, 'அடிபட்டு வந்தவர்கள்' வேறு என்பதையே நான் கவனிக்கவில்லை, அதுவும் நானே எழுதிய பத்தியில்! இன்னொரு சந்தேகம். 'எல்லா', 'மட்டும்' என்று அழுத்தமாக வரும் ஆப்ஷனைப் படிக்காமலே அடித்துவிடு என்று கோச்சிங்கில் சொன்னார்கள். அது சரியா?

கடைசிபெஞ்ச்:
சரிதான், எனக்குப் பல தடவை கைகொடுத்திருக்கிறது.

குறுக்குவிசாரணை:
அதை நம்பாதீர்கள் தங்கச்சி. 'உரிமம் இல்லாத யாருக்கும் கடை போட அனுமதி இல்லை' என்று பத்தி சொன்னால், 'அனுமதி உள்ள எல்லோரிடமும் உரிமம் இருக்கிறது' என்பது 'எல்லோரிடமும்' இருந்தாலும் சரியான பதில். அதையே திருப்பி, 'உரிமம் உள்ள எல்லோருக்கும் அனுமதி உண்டு' என்று போட்டால் தவறு. இரண்டிலும் அழுத்தம் ஒன்றுதான். பத்தி அவ்வளவு தூரம் சொல்லியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கடைசிபெஞ்ச்:
அந்த உதாரணத்தை ஒத்துக்கொள்கிறேன், 'அ'வையும் விட்டுவிடுகிறேன். நேரத்தைப் பற்றிச் சொன்னதை விடமாட்டேன். தவறுக்கு 0.25 கழிகிறது. இரண்டு ஆப்ஷனை அடித்துவிட்டு மிச்ச இரண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் போட்டால்கூட சராசரியாக 0.375 மார்க் லாபம். இரண்டுக்கும் நடுவில் மூன்று நிமிடம் நின்று யோசித்தால் இரண்டு கேள்வி போச்சு. மலைக்கோட்டை, அடுத்த மாக்கில் ஒரு பத்தியை அவர் வழியிலும் ஒன்றை என் வழியிலும் செய்து, எத்தனை நிமிடம் ஆனது என்று இங்கே வந்து போடு.