13பி ரோட்டரி எஞ்சினுக்குப் புதிய ஆயில் சம்ப்: பழையதை வெட்டி ஒட்டலாமா, முழுதாகச் செய்ய வேண்டுமா?

சுழல்விரும்பி:
பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டார்கள் சுழலும் மாஸ்டாவின் 13பி ரோட்டரி எஞ்சினைப் பின்சக்கர இயக்கமுள்ள ஒரு சிறிய காரில் பொருத்திக்கொண்டிருக்கிறேன். எஞ்சின் கச்சிதமானது, பக்கவாட்டில் கைவிட்டு வேலை செய்ய இடம் தாராளமாக இருக்கிறது. இடிப்பது கீழேதான். எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான ஆயில் சம்பின் முன்பகுதி, சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் ராக்கின் மேல் நேராக வந்து உட்காருகிறது. இன்னும் 40 மி.மீ. வேண்டும். எஞ்சினைத் தூக்கினால் பானட் மூடாது. ஸ்டியரிங்கைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. அதனால் முன்னால் ஆழம் குறைந்தும் பின்னால் கூடியும் இருக்கும்படி புதிய சம்ப் செய்யப்போகிறேன். உடலுக்கு 3 மி.மீ. இரும்புத் தகடு, விளிம்புக்கு லேசரில் வெட்டிய 10 மி.மீ. தகடு. சம்பிலிருந்து எண்ணெயை உறிஞ்சும் பிக்கப் குழாயைப் பின்னோக்கி நீட்ட வேண்டும். எங்கே தவறுவேன் என்று சொல்லுங்கள்.

பழையபட்டறை:
எதற்கு இத்தனை வேலை? கம்பெனி சம்ப் கையில் இருக்கிறது. அதன் விளிம்பு எஞ்சினோடு ஏற்கெனவே பொருந்துகிறது. வயிற்றை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு, வேண்டிய வடிவில் வேறு வயிறு வைத்து வெல்டிங் செய்யுங்கள். துளை அளக்கும் வேலையே இல்லை. பிஸ்டன் எஞ்சின்களில் பல ஆண்டுகளாக இப்படித்தான் செய்துவருகிறேன். ஒன்றும் ஒழுகியதில்லை.

தகடுமடிப்பவர்:
ஐயா, பிஸ்டன் எஞ்சினுக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அங்கே சம்ப் உட்காருவது ஒரே வார்ப்பான பிளாக்கின் அடியில், ஒரே தளமாகக் கடைந்த பரப்பில். 13பி-யில் பிளாக் என்று ஒன்றே கிடையாது. முன்தகடு, ரோட்டார் ஹவுசிங் (ரோட்டார் சுழலும் கூடு), நடுத்தகடு, இன்னொரு ஹவுசிங், பின்தகடு என்று ஐந்து துண்டுகளை அடுக்கி, நீண்ட டென்ஷன் போல்ட்டுகளால் நெரித்துக் கட்டிய எஞ்சின் அது. தகடுகள் வார்ப்பிரும்பு, ஹவுசிங்குகள் அலுமினியம். சம்பின் விளிம்பு ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு மூட்டுகளைக் கடக்கிறது. முன்மூடியின் மூட்டையும் சேர்த்தால் இரு பக்கமும் பத்து இடங்கள். எஞ்சினை எவ்வளவு கவனமாகப் பூட்டினாலும் அந்தப் பத்து இடங்களில் நகத்தால் தடவினால் தெரியும் அளவுக்குப் படி இருக்கும்.

சூட்டையும் கணக்கில் எடுங்கள். ரோட்டார் ஹவுசிங் ஒன்றின் அகலம் 80 மி.மீ., இரண்டுக்கும் 160. வெப்பம் 80 டிகிரி செல்சியஸ் ஏறினால் அந்த அலுமினியம் ஏறத்தாழ 0.3 மி.மீ. நீளும், அதே நீளத்து இரும்பு அதில் பாதியளவுதான் நீளும். ஒவ்வொரு முறை எஞ்சின் சூடாகி ஆறும்போதும் சிலிக்கோன் பசை இந்த இழுபறியைத் தாங்க வேண்டும். மெல்லிய விளிம்பு இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே அலைபோல் வளைந்துவிடும். அங்கேதான் பசை பிய்யும். கம்பெனி சம்ப்பே இந்த எஞ்சினில் ஒழுகுவதற்குப் பெயர்போனது. அந்த விளிம்பை வெல்டிங் சூட்டில் இன்னும் முறுக்கிவிட்டு அது ஒட்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. என் முதல் 13பி-க்கு வெட்டி ஒட்டிய சம்ப்தான் வைத்தேன். மூன்று முறை எஞ்சினை இறக்கினேன்.

பழையபட்டறை:
ஐந்து துண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் தடித்த விளிம்பு போட்டால் படி போய்விடுமா? மெல்லிய விளிம்பாவது கொஞ்சம் வளைந்து அந்தப் படிக்கு இணங்கும். 10 மி.மீ. தகடு இணங்காது. உயர்ந்த துண்டின் மேல் உட்கார்ந்து, தாழ்ந்த துண்டில் இடைவெளி விட்டு நிற்கும்.

தகடுமடிப்பவர்:
நியாயமான கேள்வி. இடைவெளி நிற்கும், ஆனால் அசையாமல் நிற்கும். அசையாத இடைவெளியைப் பசை அடைத்துவிடும். திறந்து மூடும் இடைவெளியைத்தான் எந்தப் பசையாலும் காக்க முடியாது.

சுழல்விரும்பி, விளிம்பைத் தனியாக மேசையில் வைத்து வெல்டிங் செய்யாதீர்கள். கழித்துப்போட்ட பழைய தகடுகளும் ஹவுசிங்குகளும் கிடைத்தால் அவற்றை அடுக்கி இறுக்கி, அதன்மேல் எல்லாப் போல்ட்டும் போட்டுவிட்டுச் செய்யுங்கள். 25 மி.மீ. அளவுக்குத் துண்டு துண்டாக, எதிரெதிர்ப் பக்கம் மாறி மாறி. முழுதும் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். பின்பு நேர்விளிம்பு வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய இலைகள் கொண்ட ஃபீலர் கேஜால் பாருங்கள். 0.1 மி.மீ. இலை நுழைந்தால் விளிம்பு முழுவதையும் மில்லிங் செய்யுங்கள். பழைய போல்ட்டுகள் நீளம் போதாது என்பதையும் மறக்க வேண்டாம்.

நுண்ணளவி:
இரும்பு எதற்கு? அலுமினியத்தில் செய்தால் எடை குறையும், சூடும் வெளியேறும்.

தகடுமடிப்பவர்:
சூட்டை வெளியேற்றுவது ஆயில் கூலரின் வேலை. சம்ப் எதனால் ஆனாலும் அதில் பெரிய மாற்றம் வராது. சாலையில் கல் பட்டால் இரும்பு நசுங்கும், அலுமினியம் பிளக்கும். அலுமினியம்தான் என்றால் 5052 என்ற கலவை வகையை எடுங்கள். 6061-டி6 கூர்மையாக மடித்தால் விரிசல் விடும், வெல்டிங் செய்த இடத்தில் வலிமையும் இழக்கும்.

பந்தயத்தடம்:
விளிம்பைப் பற்றியே பேசுகிறீர்கள். ஒழுகினால் தரை அழுக்காகும், அவ்வளவுதான். பிக்கப் ஒரு நொடி காற்றை உறிஞ்சினால் எஞ்சினே போய்விடும்.

ரோட்டரியில் எண்ணெய்க்கு இரண்டு வேலை. பேரிங்குகளுக்கு மசகு ஒன்று. ரோட்டார்கள் சுழற்றும் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட்டில் இருக்கும் ஜெட்டுகள் வழியாக ரோட்டாரின் உள்ளே பீய்ச்சி அதைக் குளிர்விப்பது இன்னொன்று. வளைவில் 1 ஜி, அதாவது புவியீர்ப்புக்குச் சமமான விசை வந்தால் எண்ணெயின் மேற்பரப்பு 45 டிகிரி சாயும். சாதாரண டயரில் வரும் 0.8 ஜி-க்கே ஏறத்தாழ 39 டிகிரி. சம்பை ஆழம் குறைத்து அகலப்படுத்தினால் எண்ணெய் முழுவதும் ஒரு சுவரில் ஏறிக்கொள்ளும், பிக்கப் வெறுந்தரையில் நிற்கும். 1991-இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற மாஸ்டா 787பி-யின் ஆர்26பி நான்கு ரோட்டார் எஞ்சினுக்கு, எண்ணெயை அடியில் தேக்காமல் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப்தான் வைத்தார்கள். நீங்களும் அதைச் செய்யுங்கள். அடியில் தட்டையான தகடு போதும், ராக் பிரச்சினையும் தீரும்.

சுழல்விரும்பி:
தினமும் ஓட்டப்போகும் கார் இது. டிரை சம்புக்குத் தனிப் பம்ப், பெல்ட், தொட்டி, நான்கைந்து குழாய்கள் வேண்டும். ஒவ்வொரு மூட்டும் ஒழுகக்கூடிய இடம், பெல்ட் அறுந்தால் எண்ணெயே நின்றுவிடும். உங்கள் எச்சரிக்கையை ஏற்கிறேன், தீர்வை ஏற்க முடியவில்லை.

பழையபட்டறை:
இதில் நான் சுழல்விரும்பி பக்கம். பிக்கப்பைச் சுற்றி நான்கு சுவர் எழுப்பி, ஒவ்வொன்றிலும் உள்நோக்கி மட்டும் திறக்கும் கீல்கதவு வையுங்கள். வளைவில் எண்ணெய் உள்ளே வரும், வெளியே போகாது. பெரும்பாலான சாலைக் கார்களுக்கு அதுவே போதும்.

நீட்டிய பிக்கப் குழாயைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. 13பி-யில் அது முன்தகட்டின் அடியில் போல்ட் ஆகிறது. அங்கிருந்து பின்னால் நீண்டு அந்தரத்தில் தொங்கினால் அதிர்வில் வெல்டிங் பிளக்கும். உறிஞ்சும் பக்கம் விரிசல் விட்டால் வெளியே சொட்டுகூடத் தெரியாது, காற்றுதான் போகும். முனையை ஒரு தாங்கியால் பிடித்துக் கட்டுங்கள். குழாயின் விட்டத்தையும் ஒரு படி கூட்டுங்கள். முனையில் இருக்கும் வடிகட்டியான ஸ்ட்ரெய்னருக்கும் சம்பின் தரைக்கும் நடுவே 8 முதல் 10 மி.மீ. விடுங்கள்.

பந்தயத்தடம்:
கீல்கதவு சிக்கிக்கொண்டால்? உள்ளே பார்க்க வழியில்லை. நான் பந்தயத்துக்கு வைத்ததில்லை, வைக்கவும் மாட்டேன். சாலைக்கு என்றால் ஒன்று செய்யுங்கள்: எண்ணெய் அழுத்தம் குறைந்தால் உடனே எரியும் பெரிய விளக்கு ஒன்றைக் கண்ணுக்கு நேரே வையுங்கள். கேஜ் முள் விழுவதை வளைவின் நடுவில் யாரும் பார்ப்பதில்லை.

தகடுமடிப்பவர்:
அந்த விளக்கை நானும் வற்புறுத்துகிறேன். இன்னொன்று: ஆழம் குறைந்தது என்று எண்ணெயை மேலே வரை நிரப்பிவிடாதீர்கள். ரோட்டாரிலிருந்து திரும்பும் எண்ணெய் தகடுகளின் வழியாகத்தான் சம்பில் விழுகிறது. அந்த வழி எண்ணெயில் மூழ்கக்கூடாது. முன்னால் இழந்த லிட்டரைப் பின்னால் திரும்பப் பெறுங்கள்.

சுழல்விரும்பி:
அட்டையில் மாதிரி வெட்டி எஞ்சினுக்கு அடியில் ஒட்டிப் பார்த்தேன். பின்பக்கம் 35 மி.மீ. ஆழம் கூட்டலாம். சம்பின் அடிப்பகுதி அப்போதும் கிராஸ்மெம்பருக்கு மேலேதான் நிற்கிறது. வெட்டி ஒட்டுவதில்லை, முழுதாகவே செய்கிறேன். கீல்கதவு நான்கும் வைக்கிறேன். பொருத்துவதற்கு முன் உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி, வெளியே வெல்டிங் கோட்டில் சுண்ணாம்புப் பூசி ஓர் இரவு விட்டுப் பார்ப்பேன்.

பழையபட்டறை:
நல்லது. பழைய ஆயில் குச்சியின் கோடுகளை மட்டும் நம்பாதீர்கள், வடிவம் மாறிவிட்டது. லிட்டர் லிட்டராக அளந்து ஊற்றி, கார் சமதரையில் நிற்கும்போது குச்சியில் புதுக் கோடு போடுங்கள். சிலிக்கோனை மெல்லிய ஒரே கோடாக இழுங்கள். உள்பக்கம் பிதுங்கிக் காய்ந்த துண்டு உதிர்ந்தால் நேராக ஸ்ட்ரெய்னருக்குத்தான் போகும். அந்தச் சுண்ணாம்பில் ஈரக்கோடு தெரிந்ததா என்று நாளைக்கு எழுதுங்கள்.